வாசலில் கிடக்கும் கட்டில்

வீட்டுக்குள் இருக்கிற பீரோவைத் துடைக்க ஆள் உண்டு. டிவிக்கு உறை தைத்துப் போட்ட காலமும் உண்டு. ஆனால் வாசலில் கிடக்கிற கட்டிலையும் வேப்பமரத்தடியில் நிற்கிற நாற்காலியையும் யாராவது கவனிக்கிறார்களா? வெளியே கிடப்பதுதானே என்று ஒரு அலட்சியம். வெளியே கிடப்பதால்தான் அதற்குக் கூடுதல் கவனிப்பு வேண்டும் என்பது பலருக்குத் தோன்றுவதே இல்லை. கோவில்பட்டிக்குக் கிழக்கே, எட்டயபுரம் போகிற ரோட்டை ஒட்டிய ஒரு கிராமத்து வீட்டில் இது எப்படிப் புரிந்தது, அதற்கு என்ன விலை கொடுக்க வேண்டியிருந்தது என்பதைப் பார்க்கலாம்.

அந்த வீட்டில் தாத்தா, ஆச்சி, அவர்களுடைய மகன், மருமகள், கல்லூரியில் படிக்கிற பேரன் என்று ஐந்து பேர். ஆறாவதாக ஒரு கட்டில். கால்கள் பூவரசு, சட்டம் வேம்பு, பின்னல் பனைநார். "மாவட்டம் பிரிஞ்ச வருசம் செஞ்சது" என்பார் தாத்தா. 1986 அக்டோபரில் திருநெல்வேலியிலிருந்து சிதம்பரனார் மாவட்டம் பிரிந்தது. அதுதான் பின்னாளில் தூத்துக்குடி மாவட்டம் ஆனது. ஆக, அந்தக் கட்டிலுக்கும் மாவட்டத்துக்கும் ஒரே வயது.

பனைநார்க் கட்டிலைப் பார்த்திராதவர்களுக்காக இரண்டு வரி. பனை மட்டையிலிருந்து நாரைக் கிழித்து எடுத்துக் காயவைப்பார்கள். பின்னுகிற சமயத்தில் மறுபடியும் தண்ணீரில் ஊறப்போடுவார்கள். ஊறிய நார் வளையும், காய்ந்த நார் ஒடியும். பின்னி முடித்துக் காய்ந்துவிட்டால் பலகை மாதிரி விறைப்பாக இருக்கும். ஆனால் பின்னலின் கண்கள் வழியாகக் கீழேயிருந்து காற்று ஏறும். சித்திரை மாத இரவில் மெத்தையில் படுத்தவன் புரண்டுகொண்டிருப்பான், நார்க் கட்டிலில் படுத்தவன் தூங்கிவிடுவான்.

கரிசல் மண்ணும் கட்டில் காலும்

கோவில்பட்டி வட்டாரம் மழைக்கு ஏங்குகிற பூமி. தென்மேற்குப் பருவமழையை மேற்குத் தொடர்ச்சி மலை வாங்கிக்கொள்ளும். இந்தப் பக்கம் வந்து சேர்வது காற்று மட்டும்தான். கயத்தாற்றில் காற்றாலைகள் வரிசையாக நிற்பதற்குக் காரணம் அந்தக் காற்று. மழை என்று பெய்வதெல்லாம் பெரும்பாலும் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள். மற்ற மாதங்களில் வெயில்தான். இந்தக் காய்ச்சல்தான் தீப்பெட்டித் தொழிலுக்கு வசதியாக அமைந்தது. வீட்டு வாசலில் பெண்கள் பெட்டி ஒட்டிக் காயப்போட்ட நாட்களில், தூறல் விழுந்தால் முதலில் பெட்டிகளை அள்ளுவார்கள், அப்புறம் வத்தல், அப்புறம் துணி. கட்டிலின் முறை வருவதற்குள் மழையே விட்டுப்போயிருக்கும்!

கரிசல் மண்ணுக்கு ஒரு குணம் உண்டு. தண்ணீர் பட்டால் உப்பும், காய்ந்தால் சுருங்கி வாய் பிளக்கும். கோடையில் அந்த வெடிப்புக்குள் கையை விடலாம். மழையில் அதே மண் களியாகிக் கால் செருப்பைப் பிடித்துக்கொள்ளும். அப்படிப்பட்ட தரையில் நாலு கால் உள்ள ஒரு சாமான் நிற்க வேண்டும் என்றால் என்ன ஆகும்? ஒரு கால் புதையும், இன்னொரு கால் தூக்கும், சட்டம் முறுக்கிக்கொள்ளும். மரக்காலின் அடிமுனை உறிஞ்சு குழாய் மாதிரி. ஈரத்தை மேலே இழுத்துக்கொண்டே இருக்கும். ஈரம் ஏறினால் மரம் உளுக்கும். மண்ணை நேராகத் தொட்டுக்கொண்டிருந்தால் கரையானுக்கும் வழி திறந்த மாதிரி.

தாத்தாவுக்கு இந்த விளக்கமெல்லாம் தெரியாது. ஆனால் செய்ய வேண்டியது தெரியும். நாலு கால்களுக்கும் கீழே நாலு தட்டைக் கல் வைத்திருந்தார். காலையில் எழுந்ததும் கட்டிலைக் கவிழ்த்து இரண்டு தட்டு தட்டி, தாழ்வார நிழலில் சுவரோரமாகச் சாய்த்துவிடுவார். பகலெல்லாம் வெயிலில் கிடந்தால் நார் முறுகி ஒடியும், கோழி ஏறும், நாய் படுக்கும். சாயங்காலம்தான் கட்டில் மறுபடி வேப்பமரத்தடிக்கு வரும். மாதம் ஒருமுறை தலைமாட்டையும் கால்மாட்டையும் மாற்றிப் போடுவார். ஒரே இடத்தில் பாரம் விழுந்தால் அந்த இடம் தொட்டில் ஆகிவிடும் என்பது அவர் கணக்கு. ஐப்பசி பிறப்பதற்கு முன்னால் கால்களுக்கும் சட்டத்துக்கும் வேப்பெண்ணெய் தடவுவார்.

கோடையில் ஒரு நாள் மட்டும் வேண்டுமென்றே வெயிலில் போடுவார். அது மூட்டைப்பூச்சிக்காக. சுமார் 50 டிகிரி செல்சியஸ் சூட்டில் மூட்டைப்பூச்சி சில நிமிடங்களில் செத்துவிடும். ஆனால் அது புத்திசாலி. மேலே சுட்டால் அடியில் போய் ஒளிந்துகொள்ளும். அதனால் கட்டிலை அரை மணிக்கு ஒருமுறை புரட்டிப்போட வேண்டும், சட்டம் சேர்கிற பொருத்துகளில் கொதிக்கிற தண்ணீரை ஊற்ற வேண்டும். அன்று முழுக்கத் தாத்தா வேறு வேலை பார்க்க மாட்டார்.

நாலு சிவப்பு நாற்காலிகள்

2019-ல் மகன் கோவில்பட்டியிலிருந்து நாலு பிளாஸ்டிக் நாற்காலி வாங்கி வந்தார். நல்ல சிவப்பு. "இதுக்கு ஒரு பண்டுவமும் வேண்டாம். மழையில நனஞ்சா கழுவி விட்டாப் போதும்" என்றார். எல்லாருக்கும் சந்தோஷம். வருகிறவர்கள் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். நாற்காலிகள் வாசலிலேயே கிடந்தன. இரவும் அங்கேதான், பகலும் அங்கேதான்.

எந்தப் பண்டுவமும் வேண்டாத சாமான் என்று ஒன்று உண்டா? இந்த மாதிரி நாற்காலிகளைப் பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கில் செய்கிறார்கள். அதற்கு மழை ஒன்றும் செய்யாது. அதன் எதிரி வெயில். சூரிய ஒளியில் இருக்கிற புற ஊதாக் கதிர் பிளாஸ்டிக்கின் நீண்ட சங்கிலிகளைத் துண்டு துண்டாக நறுக்கும். இதைத் தடுக்கத் தயாரிக்கும்போதே சில பொருட்களைக் கலப்பார்கள். ஆனால் அவையும் வருஷக்கணக்கான வெயிலில் தீர்ந்துபோகும். முதலில் நிறம் மங்கும். அப்புறம் கையால் தடவினால் மாவு மாதிரி ஒட்டும். அதற்கு அப்புறம் ஒரு நாள் வளைவதற்குப் பதிலாக உடையும். சொல்லிக்கொண்டு உடையாது.

நாலு வருஷத்தில் அந்தச் சிவப்பு, வெளுத்த ரோஸ் நிறமாகிவிட்டது. உட்கார்ந்து எழுந்தால் வேட்டியில் பொடி ஒட்டும். ஆச்சி அதைத் திட்டிக்கொண்டே துவைப்பார். அது ஒரு எச்சரிக்கை என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.

2023 ஆவணிக் கடைசியில் ஒரு காலை. தாத்தா கட்டிலைத் தூக்கிச் சாய்த்துவிட்டு, மூச்சு வாங்க நாற்காலியில் உட்கார்ந்தார். பின்பக்கக் கால் ஒன்று விரிந்து பிளந்தது. தாத்தா பக்கவாட்டில் விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. திருநெல்வேலியில் ஆபரேஷன். திரும்பி வந்தபோது அவருக்கு உள் அறையில் ஒரு இரும்புக் கட்டிலும், பிடித்து நடக்க ஒரு வாக்கரும் காத்திருந்தன.

நாற்பது வருஷத்துக் கட்டில் அவரைத் தாங்கிக்கொண்டிருந்தது, நாலு வருஷத்து நாற்காலி தள்ளிவிட்டது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அப்படிச் சொல்வது நியாயமில்லை. கட்டிலுக்குத் தினமும் ஒரு ஆள் இருந்தார். நாற்காலிக்கு யாருமே இல்லை.

உள்ளே இருக்கிற மனிதர்

கட்டில் வாசலில் இருந்தவரை சாயங்காலம் நாலைந்து பேர் வருவார்கள். பேப்பர் வாசிப்பார்கள். உளுந்து என்ன விலை, மக்காச்சோளத்தைப் படைப்புழு தின்றுவிட்டதா, கிழக்கே மின்னுகிறதா, இந்தத் தடவை மழை ஏமாற்றுமா என்று பேச்சு ஓடும். தாத்தா கட்டிலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். நடுவில் ஒரு வார்த்தை சொல்வார்.

ஆபரேஷன் முடிந்ததும் அதே ஆட்கள் ஆரஞ்சுப் பழத்தோடு வந்து பார்த்தார்கள். உள் அறையில் பத்து நிமிஷம் நின்றார்கள். அப்புறம் வரவில்லை. அவர்கள் மேல் தப்புச் சொல்ல முடியாது. வீட்டுக்குள் படுத்திருப்பவரைப் பார்க்க ஒரு காரணம் வேண்டியிருக்கிறது, பெண்கள் புழங்குகிற இடத்தைத் தாண்டிப் போக வேண்டியிருக்கிறது. வாசலில் உட்கார்ந்திருப்பவரிடம் பேச எந்தக் காரணமும் வேண்டாம். போகிற போக்கில் உட்காரலாம், பாதிப் பேச்சில் எழுந்து போகலாம்.

வெளியே கிடக்கிற சாமான் பாதி ஊருக்குச் சொந்தம். இதைக் கோவில்பட்டிக்குப் பக்கத்து இடைசெவல்காரரான கி. ராஜநாராயணன் நன்றாக அறிந்தவர். 2021 மே மாதம் மறைந்த அவருடைய 'நாற்காலி' என்ற சிறுகதையில், நாற்காலியே இல்லாத ஒரு கிராமத்தில் ஒரு குடும்பம் ஆசையாக நாற்காலி செய்து வாங்கும். ஊரில் ஒரு சாவு விழும். இறந்தவரை உட்கார வைக்க அந்த நாற்காலியை இரவல் கேட்டு வருவார்கள். அதற்குப் பிறகு வீட்டுப் பிள்ளைகளுக்கு அதில் உட்காரவே பயமாகிவிடும். சிரிக்க வைக்கிற கதை. ஆனால் ஒரு சாமான் வீட்டுக்குள்ளிருந்து ஊருக்குள் போவது எப்படி என்பதையும் அது காட்டிவிடுகிறது.

தாத்தாவோ பேச்சைக் குறைத்துக்கொண்டார். சாப்பாட்டையும் குறைத்துக்கொண்டார். ஆச்சி கேட்டால், "ஒண்ணுமில்ல" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுப்பார்.

வாசலில் கட்டில் தனியாகக் கிடந்தது. தூக்கிச் சாய்க்க யாருக்கும் தோன்றவில்லை. அந்த டிசம்பரில், 17, 18 தேதிகளில், தூத்துக்குடி மாவட்டமே வெள்ளத்தில் மூழ்கியது ஞாபகம் இருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. கோவில்பட்டிப் பக்கமும் விடாத மழை. கூரை மேல் போட்ட தார்ப்பாய் பறக்காமல் இருக்க மகன் கைக்குக் கிடைத்த கல்லையெல்லாம் தூக்கி மேலே வைத்தார். அதில் ஒன்று, கட்டிலின் ஒரு காலுக்கு அடியில் இருந்த தட்டைக் கல்.

தை மாதம் பார்த்தபோது நார் கறுத்துப் பூசணம் பூத்திருந்தது. வெயில் ஏற ஏற ஒவ்வொன்றாக அறுந்தது. கல் இல்லாத கால், களியில் ஒரு சாண் இறங்கியிருந்தது. அதைச் சுற்றிக் கரையான் மண் பூசியிருந்தது. "வெந்நீர் அடுப்புக்காவது ஆகும்" என்றார் மருமகள். அவர் கோபமாகச் சொல்லவில்லை. பார்ப்பவர்கள் எவரும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். ஆச்சி மட்டும், "இருக்கட்டும்" என்று ஒரே வார்த்தை சொல்லி, அதைத் தாழ்வாரத்துக்குள் இழுத்துப் போட்டார்.

பின்ன ஆள் இல்லை

2024 மே மாதம் பேரன் லீவில் வந்தான். உள்ளே தாத்தாவைப் பார்த்தான், தாழ்வாரத்தில் கட்டிலைப் பார்த்தான். நார்க் கட்டில் பின்னுகிற ஆளைத் தேடிப் புறப்பட்டான். நாலு டீக்கடையில் விசாரித்த பிறகு, விளாத்திகுளம் போகிற வழியில் ஒரு ஊரில் ஒரு பெரியவர் இருப்பதாகத் தெரிந்தது. வயது எழுபதுக்கு மேல். பின்னுவதை விட்டு மூன்று வருஷம் ஆகிவிட்டது என்றார்.

"நார் கெடைக்கலயா தாத்தா?"

"பனை நிக்கி தம்பி. ஏறத்தான் ஆளில்ல, நார் கிழிக்கவும் ஆளில்ல."

அது உண்மை. பனை தமிழ்நாட்டின் மாநில மரம். பனையை வெட்டக் கலெக்டர் அனுமதி கட்டாயம் என்று 2021-ல் அரசு அறிவித்தது. மரத்தைக் காப்பாற்ற அது உதவும். மரத்திலிருந்து கட்டில் வரை உள்ள கைவேலையை எந்த உத்தரவு காப்பாற்றும்?

பெரியவர் ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டார். "முக்காக் கட்டில் நான் பின்னுவேன். காக் கட்டில் நீ பின்னணும். அடுத்த தடவ என்னையத் தேடி வராத."

முதலில் ஆசாரி வந்தார். சட்டத்தையும் கால்களையும் ஸ்குரூ டிரைவரால் அங்கங்கே குத்திப் பார்த்தார். நல்ல மரத்தில் முனை இறங்காது, உளுத்த மரத்தில் வெண்ணெயில் இறங்குவது போல இறங்கும். மூன்று கால்கள் கல் மாதிரி இருந்தன. அந்த மூன்றுக்கும் அடியில் தட்டைக் கல் அப்படியே இருந்தது. கல்லை எடுத்த கால் மட்டும் போயிருந்தது. அதை எடுத்துவிட்டு வேப்பங்கால் ஒன்று செதுக்கிப் போட்டார். தாழ்வான இடத்தில் தாத்தா உட்காரக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால், இந்த முறை ஒரு சாண் உயரத்துக்கு நாலு கல் தேடி வைத்தார்கள்.

பின்னல் இரண்டு நாள் வேலை. பெரியவர் கை நிற்காமல் ஓடியது. பேரனின் முறை வந்தபோது விரல் கிழிந்தது, நார் நழுவியது, இழுத்தது போதவில்லை. "இழுடா, நார் ஒன்னைய இழுக்கக் கூடாது, நீதான் அத இழுக்கணும்" என்று பெரியவர் மூன்று தடவை அவிழ்க்க வைத்தார். நாலாவது தடவை, "சரி, கெடக்கட்டும்" என்றார். திருப்தியில் சொன்ன மாதிரி தெரியவில்லை.

மறுநாள் சாயங்காலம் தாத்தா வாக்கரைப் பிடித்து வாசலுக்கு வந்தார். எட்டு மாதத்துக்கு அப்புறம். உடனே உட்காரவில்லை. குனிய முடியாதபடியால் நின்றபடியே உள்ளங்கையால் பின்னலை அழுத்திக்கொண்டே வந்தார். ஒரு மூலையில் கை நின்றது.

"இது யாரு பின்னுனது?"

யாரும் பேசவில்லை. பேரன் தரையைப் பார்த்தான். தாத்தா அந்த மூலையை இன்னும் ஒரு தடவை அழுத்திப் பார்த்தார்.

"கால்மாட்ட இந்தப் பக்கம் வச்சிக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

அன்று ஒருவர்தான் வந்தார். ரோட்டில் சைக்கிளில் போனவர், இறங்கி, "என்ன அண்ணாச்சி, வெளிய வந்தாச்சா?" என்று கேட்டுச் சைக்கிளை ஸ்டாண்டு போட்டார். அடுத்த வாரம் மூன்று பேர்.

இனி யார் தூக்குவது?

கதை இங்கே முடிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். தாத்தாவால் கட்டிலைத் தூக்க முடியாது. ஜூன் மாதம் பேரன் கல்லூரிக்குத் திரும்ப வேண்டும். கிளம்புவதற்கு முந்தின நாள் அவன் அம்மாவிடமும் அப்பாவிடமும் இதைத்தான் கேட்டான். "பார்த்துக்கிடலாம்" என்றார் அப்பா. மறுநாள் காலை ஆறு மணிக்கு அவன் பெட்டியோடு வாசலுக்கு வந்தபோது, தாத்தா உள்ளிருந்து, "ஏலே, கட்டில எடுத்து வச்சாச்சா?" என்று சத்தம் போட்டார். அம்மா ஒரு பக்கம், அப்பா ஒரு பக்கம் பிடித்து அதைச் சுவரில் சாய்த்துக்கொண்டிருந்தார்கள். முன்பு விறகுக்கு ஆகும் என்று சொன்ன அதே அம்மா, கல் நாலும் இருக்கிறதா என்று குனிந்து எண்ணிப் பார்த்தார்.

மிச்சம் மூன்று நாற்காலிகள் இருந்தன அல்லவா? பேரன் ஒவ்வொன்றையும் கவிழ்த்துப் பார்த்திருந்தான். இரண்டில் கால் சேருகிற இடத்தில் மயிரிழை மாதிரி வெடிப்பு. அவை பழைய சாமான் கடைக்குப் போயின. வெடித்த நாற்காலி இரண்டை ஒன்றன் மேல் ஒன்று போட்டு உட்காருகிற பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அடியில் இருப்பது வழுக்கினால் மேலே இருப்பதும் சேர்ந்தே போகும். நன்றாக இருந்த ஒன்று தாழ்வார நிழலுக்குப் போனது.

இந்தக் கவனிப்புக்குப் பெரிய செலவு இல்லை. மரக்காலுக்கு அடியில் கல். பிளாஸ்டிக்குக்கு நிழல். நாருக்கும் கயிற்றுக்கும் மழையும் கடும் வெயிலும் படாத இடம். இரும்பு நாற்காலி என்றால் வெல்டிங் வைத்த பொருத்துகளில் துரு தட்டுகிறதா என்று பார்த்துப் பெயின்ட் அடிக்க வேண்டும். காய்ந்த கோவில்பட்டியை விட உப்புக்காற்று அடிக்கிற தூத்துக்குடியில் இதைச் சீக்கிரம் சீக்கிரம் செய்ய வேண்டியிருக்கும். வடநாட்டில் கயிற்றுக் கட்டிலை 'சார்பாய்' என்பார்கள், நாலு கால் என்று பொருள். தமிழில் நாற்காலி என்றாலும் அதேதான். இரண்டு பக்கமும் பெயர் வைத்தவர்கள் முதலில் காலைத்தான் பார்த்திருக்கிறார்கள்.

உங்கள் வீட்டு வாசலிலும் ஒரு நாற்காலியோ கட்டிலோ இருக்கும். அதில் தினமும் உட்காருகிற ஒரு வயதானவரும் இருக்கலாம். இன்று சாயங்காலம் அவர் எழுந்த பிறகு, அதை ஒரு தடவை கவிழ்த்துக் காலைப் பாருங்கள்.